கட்டிலுக்குப் போகும் எக்ஸ்ரேயா, அறைக்கு அழைக்கும் சிடியா?

கொரோனா நாட்களில் நோயாளிகளின் நுரையீரலைப் படமெடுக்க, ரேடியோகிராபர்கள் (இந்தக் கருவிகளை இயக்கும் ஊழியர்கள்) இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். சிடி ஸ்கேனில் படம் நுணுக்கமாக இருக்கும், ஊழியரும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கலாம். ஆனால் நோயாளி போனதும் மேசையைத் துடைத்து, அறைக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே வரிசை நீளும்.

மொபைல் எக்ஸ்ரே கட்டிலுக்கே போய்விடும். சிரமமெல்லாம் ஊழியருக்குத்தான். பிபிஇ பாதுகாப்பு உடையோடு கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன், வழியும் வியர்வை, அப்புறம் மூச்சுத் திணறும் நோயாளியின் முதுகுக்கடியில் படம் பதியும் பிளேட்டை நுழைக்க நெருங்கிக் குனிய வேண்டும். இருவர் போனால் கொஞ்சம் எளிது: ஒருவர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் கருவியை மட்டும். சில மருத்துவமனைகளில் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே படமெடுத்தார்கள்!

2020 மார்ச்சில் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும், கொரோனாவைக் கண்டறிய சிடியை முதல் பரிசோதனையாக்க வேண்டாம் என்றது. என் ஓட்டு எக்ஸ்ரேவுக்கு. நுரையீரலில் ரத்தக்கட்டி சந்தேகம் வந்தால், சரி, சிடிதான்.