நிலைக்காந்தமா, மின்காந்தமா?
காந்தத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு நான் முதலில் தருவது மின்காந்தம்தான். இரும்பு ஆணி ஒன்றில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை 50 சுற்று சுற்றி, முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியில் சில நொடிகள் மட்டும் தொடுங்கள். (முனைகளில் எனாமலைச் சுரண்டிவிட வேண்டும், மறந்தால் ஒன்றும் நடக்காது.) குண்டூசிகள் கொத்தாக ஒட்டும். பேட்டரியிலிருந்து கம்பியை எடுத்ததும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். ஒன்றிரண்டு விடாமல் தொங்கினால், ஆணியில் கொஞ்சம் காந்தத்தன்மை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அந்த மிச்சம் எளிதில் போகாத பொருளில் செய்வதுதான் நிலைக்காந்தம்.

மின்னோட்டத்தையோ சுற்றுகளையோ கூட்டினால் மின்காந்தத்தின் இழுவை கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வட, தென் முனைகள் இடம் மாறும். பழைய இரும்பைத் தூக்கும் கிரேனுக்கு இதுதான் சரி. தூக்கினால் மட்டும் போதாதே, கீழே போடவும் வேண்டும்! ஆனால் கம்பி சூடாகும், மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும்.

நிலைக்காந்தத்துக்கு அந்தச் செலவு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் வருடக்கணக்காக ஒட்டியிருக்கும் காந்தம் துளி ஆற்றலையும் செலவழிப்பதில்லை. விசை இருக்கிறது, நகர்வு இல்லை. அதனால் இயற்பியல் சொல்லும் ‘வேலை’யும் (விசையால் ஒன்றை நகர்த்துவது) இல்லை. அப்புறம், சூடு இதற்கு ஆகாது. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் (மிக வலுவான ஒரு வகை நிலைக்காந்தம்) சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும்.