டைகான் 4எஸ்: குளிர்ந்த பேட்டரியோடு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

போர்ஷே டைகான் 4எஸ் என்ற மின்கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4 வினாடியில் எட்டும் என்கிறது விவரப் பட்டியல். சோதனை ஓட்டத்துக்கு வருகிற எல்லோரும் முதலில் இதைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கத் தேவையே இல்லை. அது சொன்னதைச் செய்யும். பின்பக்க மோட்டாருக்கு இரண்டு கியர் வைத்திருப்பதால் 150-ஐத் தாண்டிய பிறகும் வண்டி சோர்வதில்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே குடியிருந்துகொண்டு, 2021 மாடல் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கிச் சில குளிர்காலங்களைக் கடந்தவன் நான். ஆராய வேண்டியவை வேறு இடத்தில் இருக்கின்றன. விற்பனையாளர் தரும் அரைமணி நேர ஓட்டத்தில் அவற்றில் பல கண்ணில் படுவதே இல்லை.

முதலில் தூரம். பெரிய பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 93.4 கிலோவாட்-மணி, ஓட்டுபவருக்குக் கிடைப்பது 83.7. நம்மூர் மின்கட்டண அட்டையின் மொழியில் 83.7 யூனிட். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை முறைப்படி இந்த வண்டி 460 கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். கோடையில், ஊரகச் சாலையில், நிதானமாகப் போனால் அது பொய்யில்லை. ஆனால் நிதானமாகப் போவதற்காகவா இதை வாங்குகிறோம்? ஆட்டோபான் என்கிற ஜெர்மானிய அதிவேக நெடுஞ்சாலையில் 130-இல் ஓட்டினால் எனக்கு 100 கிலோமீட்டருக்கு 25 யூனிட் வரை செலவாகிறது. அந்தக் கணக்கில் 335 கிலோமீட்டர். அதையும் யாரும் பூஜ்ஜியம் வரை ஓட்டுவதில்லை. நீண்ட பயணத்தில் 10 சதவீதத்தில் சார்ஜரை அடைந்து, 80-இல் கிளம்பிவிடுவோம். ஆக இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கையில் இருப்பது சுமார் 235 கிலோமீட்டர், அதாவது ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் வரை. ஜனவரியில் அதுவும் சுருங்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 130-இலிருந்து 180-க்குப் போனால் அது கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. இந்த வண்டியின் காற்றிழுவைக் குணகம் வெறும் 0.22தான், மெச்சத்தக்க எண். என்றாலும் இயற்பியல் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை.

தூரத்தைவிட முக்கியமானது சார்ஜ் ஏறும் விதம். 2019-இல் டைகான் அறிமுகமானபோது பெரிய செய்தியே அதன் 800 வோல்ட் மின்னமைப்புதான். வழக்கமான 400 வோல்ட் இப்படி இரட்டிப்பானால் அதே திறனைப் பாதி மின்னோட்டத்தில் செலுத்தலாம்; கேபிள் அவ்வளவாகச் சூடேறாது. உச்சத்தில் 270 கிலோவாட், 5-இலிருந்து 80 சதவீதத்துக்கு 22.5 நிமிடம் என்பது அறிவிப்பு. பேட்டரி இதமான சூட்டில் இருந்து, சார்ஜரும் ஒழுங்காக வேலை செய்தால் இது நடக்கிறது. காபி ஆறுவதற்குள் வண்டி தயாராகிவிடும்.

பேட்டரி குளிர்ந்திருந்தால் கதை வேறு. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியை உறைபனிக் காலையில் நேரே அதிவேக சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். 270 கிலோவாட்டை மறந்துவிடலாம். அதில் பாதி வந்தாலே நல்லது. இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. போகும் சார்ஜரை வழிகாட்டித் திரையில் நிறுத்தமாகப் பதிந்தால், போய்ச் சேர்வதற்குள் வண்டி பேட்டரியைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசதி கிடைக்காமல் போகிறது. என் அண்டை வீட்டுக்காரர் தன் வண்டி மெதுவாகவே சார்ஜ் ஏறுகிறது என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

எனவே வாங்குமுன் கேட்க வேண்டியது ஒரு குளிர்காலக் காலை ஓட்டம். நான் அணுகிய விற்பனையாளர் ஒருவர் வண்டியைக் கூடத்துக்குள் கதகதப்பாக வைத்து, முழு சார்ஜோடுதான் கொடுத்தார். 15 சதவீதத்தில் கொடுங்கள், நானே சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருகிறேன் என்றதற்கு முகம் சுளித்தார். வேறிடம் பார்த்துக்கொண்டேன்.

பழைய டைகானில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 400 வோல்ட் சார்ஜரில் மாட்டும்போது வண்டிக்குள்ளேயே வோல்ட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கான கருவி இயல்பாக 50 கிலோவாட்டுக்கு மட்டுமே. 150 கிலோவாட் கருவி கூடுதல் விலைக்குத் தரப்பட்டது. 800 வோல்ட் நிலையங்களை மட்டும் பயன்படுத்துபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் பெரும்பாலும் 400 வோல்ட்டில் இயங்கும் டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர் நிலையங்கள் ஐரோப்பாவில் பிற கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, அந்த 50-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாடு மதிய உணவுக்கும் தேநீருக்கும் உள்ள வேறுபாடாகிவிட்டது. விளம்பரத்தில் தோல் இருக்கையின் நிறத்தை மூன்று வரிக்கு வர்ணிப்பார்கள். இதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தபோதிருந்த உபகரணப் பட்டியலைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள். குறைந்த மின்சாரத்தில் வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, குறைகளைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செய்யும் பணிகள் முடிந்தனவா என்றும் விசாரிக்க வேண்டும். 2021-இல் ஓட்டத்தின் நடுவே மோட்டார் விசை அற்றுப்போகக்கூடும் என்ற மென்பொருள் குறைக்காகச் சுமார் 43,000 டைகான்கள் அழைக்கப்பட்டன. 2024-இல் முன்சக்கர பிரேக் குழாய்கள் விரிசல் விடலாம் என்று இன்னொரு அழைப்பு வந்தது. பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுவனத்தின் பொறுப்பு. உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துத்தான் பழைய வண்டிக்கு விலை பேச வேண்டும்.

விலை மளமளவென்று இறங்குகிறது. புதிதாக ஒரு லட்சத்து ஐயாயிரம் யூரோவுக்கு மேல் விற்ற 4எஸ், சில ஆண்டுகளில் பாதி விலைக்குச் சந்தையில் நிற்கிறது. 2021-இல் உலகெங்கும் 41,296 டைகான்கள் விற்று, போர்ஷேயின் புகழ்பெற்ற 911 மாடலையே முந்தின. 2024-இல் அது 20,836 ஆகச் சரிந்தது. புதிதாக வாங்கியவருக்கு வயிற்றெரிச்சல், எனக்கு லாபம். நாளை நான் விற்கும்போது அடுத்தவருக்கு லாபம்.

அன்றாடப் புழக்கத்தில் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டி வளைவில் அந்தக் கனத்தைக் காட்டுவதே இல்லை. உல்ம் போகும் வழியிலுள்ள மலையேற்றத்தில் அதை ஓட்டுவது இன்றும் சுகம். முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் தானே இறுக்கி நிறுத்தும் பழக்கம் இதற்குக் கிடையாது. இயல்பான அமைப்பில் வண்டி மிதந்து போகும், பிரேக்கை மிதித்தால்தான் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். வேறு மின்கார்களிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. பின் இருக்கைக்காரர்கள் கால் வைக்கப் பேட்டரியிலேயே பள்ளம் விட்டிருக்கிறார்கள், ஆனால் தலைக்கு அந்தக் கரிசனம் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, அடுத்த முறை ரயிலிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அகலம் என்பதால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட வழியில்லை. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு தொகுதிக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும். 21 அங்குலச் சக்கரம் அழகுதான், தூரத்தைத் தின்னும்.

வீட்டில் 11 கிலோவாட் சார்ஜர் இருந்தால் காலியான பேட்டரியும் ஓரிரவில் நிரம்பிவிடும். சாதாரண பிளக்கை மட்டும் நம்பினால் ஒன்றரை நாள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம்: ஜெர்மனியில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சார்ஜர் பொருத்தும்படி கோரும் உரிமையை வாடகைதாரருக்கும் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

2024-இல் வந்த புதுப்பித்த டைகானில் பெரிய பேட்டரியின் பயன்படும் கொள்ளளவு 97 யூனிட், சார்ஜ் உச்சம் 320 கிலோவாட். 10-இலிருந்து 80-க்கு 18 நிமிடம். பேட்டரி 15 டிகிரியில் இருந்தாலே வேகமாக ஏற்றிக்கொள்ளும் என்பதால், குளிர்காலம் பற்றி நான் சொன்ன குறை பெருமளவு தீர்ந்துவிடுகிறது. வாரந்தோறும் பெர்லின் போய் வருபவர் அந்த விலையைக் கொடுக்கலாம். பகலில் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டி, இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றுபவருக்குப் பழைய 4எஸ் போதும். மிச்சப் பணத்தில் டயர் வாங்கலாம்.