டெஸ்டுக்கு முன் மாக் டெஸ்ட்: கட்டணத்துக்குத் தகுமா?

ஓட்டத் தெரிந்தும் எக்ஸாமினர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கால் நடுங்குகிறவர்களுக்கு, டிரைவிங் ஸ்கூல்கள் தனிக் கட்டணத்தில் நடத்தும் மாக் டெஸ்ட், அதாவது லைசென்ஸ் டெஸ்டைப் போலவே நடக்கும் ஒத்திகை, நல்ல செலவு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

வழக்கமாகச் சொல்லித்தருபவரே நடத்தினால் பாதிப் பயன் போய்விடும். அவர் "ம்..." என்று இழுப்பதும், டூயல் கண்ட்ரோல் பிரேக் (சொல்லித்தருபவர் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்) பக்கம் கால் நகர்வதும் உங்களுக்குச் சைகைகளாகப் பழகியிருக்கும். எக்ஸாமினரிடம் அந்தச் சைகை எதுவும் கிடைக்காது; வழி சொல்வார், பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் பதற்றம் ஏறுகிறது. அறிமுகமில்லாத இன்ஸ்ட்ரக்டர், ஓட்டிப் பழகாத சாலை, வழி சொல்வதைத் தவிர வேறு பேச்சு கூடாது: இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நல்ல மாக் டெஸ்டில் இன்ஸ்ட்ரக்டர் நீங்கள் சரியாக ஓட்டும்போதும் இடையிடையே தாளில் எதையாவது குறிப்பார். இது மிகவும் தேவையான பயிற்சி. பேனா அசைந்ததும் "போச்சு" என்று மனம் பின்னால் போகும். அடுத்த கண்ணாடியைப் பார்க்காமல் விடுவது அந்த நொடியில்தான். சிறு பிழைகள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளும் மதிப்பெண் முறை பல இடங்களில் உண்டு. ஒரு குறிப்பை வைத்து முடிவை ஊகிக்க முடியாது.

வண்டி ஆஃப் ஆவதையும் கட்டாயம் பழக்கித்தர வேண்டும், முடிந்தால் மேட்டில். பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்சை முழுதாக அழுத்தி நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போடுங்கள். கண்ணாடிகளையும் தோளுக்குப் பின்னாலும் பார்த்து, ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் வண்டியை இழுக்கத் தொடங்கும் நிலை) பிடித்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஆஃப் ஆவதைவிட, கியரில் இருக்கும்போதே கிளட்ச் இல்லாமல் சாவியைத் திருகி வண்டி துள்ளுவதுதான் ஆபத்து.

பேசவும் பழக்க வேண்டும். சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் சந்திப்பு வருவதற்கு முன்பே "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கலாம், தவறே இல்லை. தவறான லேனில் மாட்டிக்கொண்டால் கடைசி நொடியில் வெட்டித் திருப்பாமல், அந்த வழியிலேயே ஒழுங்காகப் போய்விடுவது நல்லது. பயத்தில் சாலை அனுமதிக்கும் வேகத்தைவிட மிகவும் மெதுவாக ஓட்டினால் அதுவும் குறையாகவே எழுதப்படும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் திருத்தம் தேவைக்கு மேல் போகும். சிக்னலில் நிற்கும்போது தோளைத் தளர்த்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

இந்தச் சேவையில் பெரும்பாலும் ஏமாற்றம் தருவது முடிவில் கிடைக்கும் அறிக்கைதான். "கண்ணாடி பார்க்கவில்லை" என்ற ஒரு வரி போதாது. எந்த இடத்தில், எதற்கு முன் பார்க்கவில்லை என்று வேண்டும். இண்டிகேட்டர் போட்ட பிறகு கண்ணாடி பார்ப்பவருக்கும் பார்க்கவே பார்க்காதவருக்கும் கொடுக்க வேண்டிய பயிற்சி வேறு வேறு.

டெஸ்டுக்கு முந்தின நாள் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ட குறையைத் திருத்த ஒரு வாரமாவது வேண்டும். டெஸ்டுக்கு எடுத்துப்போகும் வண்டியிலேயே செய்யுங்கள், ஹாஃப் கிளட்ச் பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். கியர் மாற்ற இன்னும் குனிந்து பார்க்கிறவர்களுக்கு இப்போதைக்கு இது வேண்டாம். அந்தப் பணத்தைச் சாதாரண வகுப்புகளுக்கே கொடுக்கலாம்.