தம்புரா நிரலுக்கு எது ஏற்றது: மேக்ஸா, பியூர் டேட்டாவா?

பதிவு செய்த ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல், தந்தியின் அதிர்வையே கணக்கிட்டு ஒலிக்கும் ஒரு தம்புராவைக் கணினியில் கட்ட விரும்புகிறவர் பெரும்பாலும் மேக்ஸ், பியூர் டேட்டா, ரியாக்டர் ஆகிய மூன்று மென்பொருள்களில்தான் வந்து நிற்கிறார். மூன்றிலும் வேலை செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்: திரையில் சிறு பெட்டிகளை வைக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியைக் கொடுக்கிறோம், பிறகு அவற்றைக் கம்பிகளால் இணைக்கிறோம். இப்படி அமையும் நிரலுக்குப் பேட்ச் என்று பெயர். நான் பியூர் டேட்டாவில் நான்கு தந்தித் தம்புரா ஒன்றைக் கட்டிப் பாட்டுப் பயிற்சிக்கு அன்றாடம் பயன்படுத்துகிறேன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். மேக்ஸை ஓரளவு பழகியிருக்கிறேன். ரியாக்டரில் என் பழக்கம் மிகக் குறைவு.

மேக்ஸும் பியூர் டேட்டாவும் ஒரே மனிதரிடமிருந்து பிறந்தவை. 1980களின் நடுவில் பாரிஸிலுள்ள இர்காம் ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் மேக்ஸை எழுதினார். கணினி இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1990இல் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் டேவிட் சிக்கரெல்லி தொடங்கிய சைக்கிளிங் '74 நிறுவனத்தின் கையில் வளர்ந்து, 2017இல் அந்த நிறுவனத்தோடு, லைவ் என்ற இசை மென்பொருளைத் தயாரிக்கும் ஏபிள்டனிடம் சென்றது. பக்கெட்டோ 1996இல் அதே சிந்தனையைப் புதிதாக எழுதி, பியூர் டேட்டா என்ற பெயரில் மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். ஆகவே ஒன்றைக் கற்றவருக்கு மற்றொன்றின் பேட்ச் அந்நியமாகத் தெரியாது.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேக்ஸுக்கும் ரியாக்டருக்கும் பணம் வேண்டும், பியூர் டேட்டாவுக்கு வேண்டாம். தோற்றத்தில் மேக்ஸ் எவ்வளவோ மேல். அதன் உதவிப் பக்கங்கள் தெளிவானவை, பிழையைத் தேடும் வசதிகளும் நன்றாக இருக்கின்றன. பியூர் டேட்டாவின் திரை பழைய காலத்து அலுவலக மென்பொருளைப் போலத்தான் இருக்கும், புதிதாக வருகிறவரை அது சற்றே தயங்க வைக்கும். ஆனாலும் பக்கெட் எழுதி 2007இல் வெளியான மின்னணு இசைப் பாடநூலின் எடுத்துக்காட்டுகள் பியூர் டேட்டாவிலேயே அமைந்திருப்பதால், பொறுமையாகப் படிப்பவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

இனி ஒலிக்கு வருவோம். தந்தியைக் கணக்கிட நான் எடுத்துக்கொண்டது 1983இல் வெளியான கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறை. ஒரு சிறு இரைச்சல் துணுக்கை, ஒலியைச் சற்றே பிடித்து வைத்து வெளியே விடும் தாமதப் பாதைக்குள் விட்டு, வெளியே வருவதைச் சற்று மழுக்கி மறுபடியும் உள்ளே அனுப்பினால், மீட்டிய தந்தியின் ஒலி எழும். பாதையின் நீளமே சுருதி. ஐந்து கட்டைச் சுருதியில் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 147, மந்தர சட்ஜம் 98. கணினி ஒலியை மாதிரிகள் என்னும் தனித்தனி அளவுகளாகவே கையாள்கிறது; விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று கொண்டால் இவற்றின் தாமத நீளங்கள் முறையே 225, 300, 450 மாதிரிகள் என்று முழு எண்களாகவே அமைகின்றன. ஆயினும் மழுக்கும் வடிகட்டி தன் பங்குக்கு அரை மாதிரி அளவு தாமதத்தைச் சேர்ப்பதால், இடைமதிப்பைக் கணித்துப் படிக்கும் பெட்டியையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுருதி மயிரிழை கீழே நிற்கும், பாடுகிறவர் காதுக்கு அது உடனே தெரியும். நடுவிலுள்ள இரண்டு சட்ஜத் தந்திகளில் ஒன்றை 196 ஹெர்ட்ஸிலும் மற்றொன்றை 196.2 ஹெர்ட்ஸிலும் நிறுத்தினால், ஐந்து விநாடிக்கு ஒருமுறை நாதம் பெருகித் தணியும். அந்த அலைதான் தம்புராவுக்கு உயிர்.

இங்கே பியூர் டேட்டாவின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அது ஒலியை 64 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடுவதால், வெளியே வந்ததை உள்ளே திருப்பும் சுற்று அதைவிடக் குறுகியதாக இருக்க முடியாது. அதாவது இந்த முறையில் சுமார் 689 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு தந்தியை நேரடியாக ஒலிக்கச் செய்ய இயலாது. தம்புரா அந்த எல்லையை நெருங்குவதே இல்லை. ஆனால் வீணையின் தார ஸ்தாயியைக் கட்ட முனைகிறவர், அந்தப் பகுதியை மட்டும் உட்பேட்ச்சில் வைத்து அதன் தொகுதி அளவை ஒரு மாதிரியாகக் குறைக்க வேண்டும், அப்போது கணினியின் சுமை வெகுவாக ஏறும். மேக்ஸில் 2011 முதல் உள்ள ஜென் என்னும் பகுதியும், ரியாக்டரின் கோர் என்னும் அடித்தளமும் மாதிரிக்கு மாதிரி கணக்கிடும் இயல்புடையவை என்பதால், அங்கே இந்தச் சிக்கல் எழாது. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் உண்டாக்கும் ரீங்காரத்தை நான் அதிர்வின் வீச்சுக்கு ஏற்பத் தாமத நீளத்தைச் சிறிதளவு அசைத்து வரவழைக்கிறேன். பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும், நல்ல தஞ்சாவூர்த் தம்புராவுக்கு ஈடென்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது ஒலி அன்று, ஆயுள். இசைக்கருவி என்று ஒன்றைச் செய்தால் அது பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் ஒலிக்க வேண்டும் என்பதை நான் முதல் நிபந்தனையாகக் கொள்கிறேன். கணினி உலகம் இதற்கு முற்றிலும் எதிரான திசையில் ஓடுகிறது. ஆப்பிள் கணினிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 2006இல் இன்டெல் சில்லுக்கு மாறினார்கள். 2019இல் 32 பிட் மென்பொருள்களை இயக்குவதை நிறுத்தினார்கள். 2020இல் தம் சொந்தச் சில்லுக்கு நகர்ந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும், பிறர் எழுதிச் சேர்த்த துணைப் பெட்டிகளை நம்பியிருந்த பேட்ச்கள், அந்தப் பெட்டிகளை யாராவது புதுப்பித்துத் தரும்வரை ஊமையாகக் கிடந்தன. மேக்ஸ் நிறுவனம் தன் பங்கைப் பொறுப்பாகவே செய்து வருகிறது. உரிமம் இல்லாமலும் பேட்ச்சைத் திறந்து இயக்கலாம்; சேமிக்கத்தான் முடியாது. 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் அதன் கோப்புகளும் எழுத்து வடிவில்தான் உள்ளன. ஆனால் அந்த எழுத்தை ஒலியாக மாற்றும் மென்பொருள் ஒரே நிறுவனத்தின் சொத்து; அவர்கள் முடிவை மாற்றிக்கொண்டால் நமக்கு மாற்று வழி இல்லை. ரியாக்டரின் கோப்போ அந்த மென்பொருளைத் தவிர வேறெதிலும் படிக்கக்கூடிய எழுத்தாகவே இல்லை.

பியூர் டேட்டாவில் நிலைமை வேறு. கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் பெட்டிக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி என்று அப்படியே படிக்கலாம். மூல நிரல், எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம்தரும் பிஎஸ்டி உரிமத்தில் இருப்பதால், யார் கைவிட்டாலும் இன்னொருவர் தம் கணினியில் அதைத் தொகுத்துக்கொள்ளலாம். பழைய பேட்ச்கள் திறக்க வேண்டும் என்பதில் பக்கெட்டுக்கு உள்ள அக்கறையும் வெறும் பேச்சன்று. பிற்காலப் பதிப்புகளில் ஒரு பெட்டியின் நடத்தை மாறியிருந்தால், பழைய பதிப்பின்படியே நடக்கச் சொல்லும் அமைப்பையும் அவர் வைத்திருக்கிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் மனூரி 1988இல் பியானோவுக்கும் கணினிக்கும் எழுதிய ப்ளூட்டான் என்னும் படைப்பு, இர்காமின் 4எக்ஸ் என்ற பெரிய இயந்திரத்தை நம்பிப் பிறந்தது. அத்தகைய படைப்புகளை மீண்டும் வாசிக்கத்தக்கதாக ஆக்கும் முயற்சிக்குப் பக்கெட் பியூர் டேட்டாவையே பயன்படுத்தினார் என்பது எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றுகிறது.

ஆனால் பியூர் டேட்டா என்ற பெயரே காப்பாற்றிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்டெண்டட் என்ற விரிவுப் பதிப்பு ஏராளமான துணைப் பெட்டிகளோடு பலருக்கும் பிடித்திருந்தது. 2013க்குப் பிறகு அதற்குப் புதிய வெளியீடு வரவில்லை. அதை நம்பிக் கட்டிய பேட்ச்களை இன்று திறந்தால், காணாத பெட்டிகள் புள்ளிக்கோட்டுச் சட்டத்தோடு வெறுமையாக நிற்கும். பலவற்றைத் தனித்தனியே இறக்கிச் சேர்க்கலாம் என்றாலும் அது அலுப்பான வேலை. ஆகவே என் தம்புராவில் பக்கெட் தரும் அடிப்படைப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் நான் சேர்க்கவில்லை. சில இடங்களில் ஒரே பெட்டியில் முடிய வேண்டியதை ஏழெட்டுப் பெட்டிகளில் செய்ய வேண்டியிருந்தது. அந்த உழைப்பை நான் விரும்பியே ஏற்றுக்கொண்டேன்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு பலனும் உண்டு. லினக்ஸில் மேக்ஸ் இயங்காது. பியூர் டேட்டா ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில்கூடத் தயக்கமின்றி ஓடும். நல்ல யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றைச் சேர்த்தால், திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சுருதிப் பெட்டி கிடைத்துவிடும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வகத்தில் உருவான பேலா என்னும் சிறு கணினிப் பலகையும் பியூர் டேட்டா பேட்ச்சை அப்படியே ஏற்கும்; தாமதம் மிகக் குறைவாக வேண்டுகிறவர்கள் அதை நாடலாம். மேக்ஸ் பக்கத்தில் 2022இல் வந்த ஆர்என்பிஓ என்ற துணை மென்பொருள், பேட்ச்சைச் சி++ நிரலாகவோ ராஸ்பெரி பைக்கு ஏற்றதாகவோ மாற்றித் தருகிறது என்பதால், இந்த வேறுபாடு முன்பிருந்த அளவுக்கு இன்று இல்லை. நான் அதை ஆழமாகப் பயன்படுத்தியதில்லை. தனி உரிமம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதிவு மென்பொருளுக்குள் செருகியாகப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு பிளக்டேட்டா என்ற திறமூல வடிவம் இருக்கிறது. அதன் திரை பியூர் டேட்டாவைவிடப் பன்மடங்கு அழகு, என் தம்புராவும் அதில் திருத்தமின்றி ஒலித்தது. அதைத் தொடர்ந்து பேணுகிறவர்கள் எத்தனை ஆண்டுகள் நீடிப்பார்கள் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். அதனால் கட்டுவதைப் பக்கெட்டின் பதிப்பிலும், பயன்படுத்துவதை அங்கும் வைத்திருக்கிறேன். மேடையில் ஏபிள்டன் லைவோடு வேலை செய்கிறவர், அதற்குள்ளேயே இயங்கும் மேக்ஸ் ஃபார் லைவை விட்டு வெளியே வர நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வீணை, கோட்டுவாத்தியம் போன்றவற்றின் உச்ச ஸ்தாயியைக் கணக்கிட விரும்புகிறவரும் ஜென்னை முதலில் பார்ப்பதே நல்லது.