டாம் வீதில யூ லொக் தேடினதும், கடைசில லண்டன்ல இருந்து வந்ததும்

கொழும்பில வெள்ளவத்தை பக்கமிருந்து கோட்டைக்கு ஈ-பைக்ல ஒபிஸ் போற ஆக்கள் ஆரும் இருந்தா ஒரு விசயம், கேபிள் லொக்க மட்டும் நம்பி விட்டுட்டுப் போகாதீங்கோ. வெளில பிளாஸ்டிக் உறை போட்டு விரல் மொத்தத்துக்கு இருக்கும், உள்ளுக்க முறுக்கி வச்சிருக்கிறது எல்லாம் மெல்லிசுக் கம்பி. நல்ல கட்டர் ஒண்டு கையில இருந்தா சில செக்கன்ல விசயம் முடிஞ்சுது.

ஆனா டாம் வீதி சைக்கிள் கடையளுக்குப் போய் பூட்டு எண்டு கேட்டா முதல்ல எடுத்து நீட்டுறதே அந்தக் கேபிளும் நம்பர் லொக்கும் தான். "நானா, இதவிட மொத்தமா இல்லையா?" எண்டு கேட்டன், "இது காணும் தம்பி, சைக்கிளுக்குத் தானே" எண்டார். சைக்கிளுக்குத்தான், ஆனா பெட்டரி, மோட்டர், கன்ட்ரோலர் எல்லாம் சேத்துப் பாத்தா இதின்ட விலைக்கு சாதாரண சைக்கிள் எத்தினை வாங்கலாம். பூட்டுக்கு சைக்கிள் விலையில பத்தில ஒரு பங்கு செலவழிக்கலாம் எண்டு பொதுவா ஒரு கணக்குச் சொல்லுவினம், எனக்கு அது நியாயமாத்தான் படுது.

வேற கடையொண்டில யூ லொக்கே, அதான் யூ எழுத்து மாதிரி வளைச்ச தடிக் கம்பிப் பூட்டு, இருந்தது. பேரில்லாத சாமான், தூக்கிப் பாக்க நல்ல பாரம், விலையும் பரவாயில்லை, ஆனா திறப்பு வட்டக் குழாய் மாதிரி. அதைக் கண்டவுடன வச்சிட்டு வந்திட்டன். 2004ல அமெரிக்காவில கிரிப்டோனைட் கொம்பனியின்ட இப்பிடிக் குழாய்த் திறப்புப் பூட்டுகளை பிக் பேனையின்ட வெறும் கூட்டை உள்ள விட்டுத் திருப்பியே திறந்து காட்டி, வீடியோ எல்லா இடமும் பரவி, கொம்பனி பூட்டு மாத்திக் குடுக்க வேண்டி வந்தது. அவை எப்பவோ அந்த டிசைனை விட்டிட்டினம், பேரில்லாத சாமான் செய்யிறவை இன்னும் விடேல்ல. தட்டைத் திறப்பா எண்டு முதல்ல பாருங்கோ.

ஹாட்வெயார் சங்கிலியும் ஆமைப்பூட்டும் போடலாமே எண்டு ஒபிஸ்ல ஒரு அண்ணை சொன்னார். பழைய சோனகத் தெருவில கிலோக் கணக்கில விக்கிற சங்கிலி பதப்படுத்தாத இரும்பு, அதே தெருவில விக்கிற போல்ட் கட்டருக்கே அது தாங்காது. பதப்படுத்தின சைக்கிள் சங்கிலி வேற சாதி, ஆனா 12 மில்லிமீட்டர் மொத்தத்தில ஒரு மீட்டர் எடுத்தாலே 3 கிலோ கிட்ட வரும், அதை ஒபிஸ் பார்க்கிங்ல விட்டு வைக்கலாம், தினம் காவ ஏலாது.

கடைசில லண்டன்ல இருக்கிற மச்சான் வரேக்க அபுஸ் கிரனிட் எக்ஸ்-பிளஸ் 540 எண்ட யூ லொக் ஒண்டு கொண்டு வந்தவர். பயணப் பெட்டில ஒண்டரைக் கிலோ இதுக்கே போட்டுதெண்டு மச்சாள் இன்னும் சொல்லிக் காட்டுவா. 13 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, ரெண்டு பக்கக் காலும் உள்ள பூட்டுப்படும், அதால ஒரு இடத்தில வெட்டிட்டுத் திருப்பிக் கழட்ட ஏலாது, ரெண்டு இடத்தில வெட்டோணும். இந்த ரெட்டைப் பூட்டு விசயத்தை எந்தப் பிராண்ட் வாங்கினாலும் கேட்டுப் பாருங்கோ. பூட்டு வந்த பெட்டில பாதுகாப்பு 15க்கு 15 எண்டு போட்டிருக்கிறதை பெருசா எடுக்காதீங்கோ, அது கொம்பனி தானே தனக்குப் போட்ட மார்க். கிரிப்டோனைட் 10க்குப் போடுறது, ரெண்டையும் ஒப்பிடவே ஏலாது. பிரிட்டன்ல சோல்ட் செக்கியூர் எண்டு தனியா சோதிச்சு பிரொன்ஸ், சில்வர், கோல்ட், டயமண்ட் எண்டு தரம் குடுக்கினம், அந்த முத்திரையைப் பாத்து வாங்கிறது நல்லம், ஈ-பைக்குக்கு கோல்டுக்குக் கீழ இறங்காதீங்கோ.

ஒண்டரைக் கிலோ பாரமெல்லோ எண்டு நினைப்பீங்கள். ஈ-பைக்கே இருபது கிலோ தாண்டும், பெடல் மிதிக்கிறதில பாதி மோட்டர், பாரம் தெரியவே தெரியாது.

பூட்டை விட எங்க பூட்டுறது எண்டதுதான் கொழும்பில தலையிடி. சைக்கிள் ஸ்டாண்ட் எண்டு ஒண்டு கிடைக்கிறது அருமை, லைட் போஸ்ட் கொங்கிரீட், இந்தப் பூட்டின்ட உள் அகலம் 108 மில்லிமீட்டர், சுத்தி வராது. அப்ப கேற் கம்பி, படிக்கட்டுக் கைபிடி, போர்ட் போட்ட இரும்புக் குழாய் எண்டு தேடோணும், குழாய் எண்டா ஆட்டிப் பாருங்கோ, உயரத்தையும் பாருங்கோ, உயரம் குறைவா இருந்தா சைக்கிளையே மேலால தூக்கி எடுத்து பட்டா லொறில போட்டிடுவாங்கள், வெட்டுற வேலையே இல்லை. ஈ-பைக் கீழ்க்குழாய் பெட்டரியால தடிப்பு, அதால பின் சக்கரத்தோட சீற் குழாயையும் சேத்துப் பூட்டுறன். பின் சக்கரத்தின்ட நடுவிலயே மோட்டர் (ஹப் மோட்டர்) இருக்கிற பைக் எண்டா அதுதான் சரியும், ஏனெண்டா விலைகூடின சாமானே அந்தச் சக்கரம், அதைக் களவெடுக்க ஸ்பானர் ஒண்டும் வயர் கனெக்டரைக் கழட்டுற அறிவும் இருந்தா காணும். பூட்டுக்குள்ள வெறும் இடம் குறைய இருக்கிற மாதிரிப் போடுங்கோ, கம்பி விட்டு நெம்ப இடம் குடுக்கக் கூடாது. நிலத்தில முட்டவும் விடாதீங்கோ, தரையில வச்சு சுத்தியலால அடிக்க வசதி. பெட்டரிக்கு இருக்கிற குட்டிப் பூட்டு பேருக்கு ஒரு பூட்டு, கழட்டி மேல கொண்டு போறன், சார்ஜும் போட்டமாதிரி.

இரும்பு வெட்டுற கிரைண்டருக்கு இந்த அபுஸ் தாங்குமோ எண்டு கேட்டா, தாங்காது. அதுக்கெண்டு ஹிப்லொக் டி1000, லைட்லொக் எக்ஸ்1 எண்டு பூட்டுகள் வந்திருக்கு, கிரைண்டர் தட்டையே தின்னுற மாதிரிச் செய்தது, விலையும் அப்பிடித்தான். பகல்ல காவலாளி இருக்கிற பார்க்கிங்ல விடுறவைக்கு அவ்வளவு தேவையில்லை, இரவில ரோட்டில விடுறவை யோசிக்கலாம், ஆனா இரவில ரோட்டில விடுறதையே முதல்ல யோசிக்கோணும். அலாரம் பூட்டு வேண்டவே வேண்டாம், காலி வீதில ஹோர்ன் அடிச்சே ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்ல.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவைக்கு இன்னொண்டு, உப்புக்காத்து திறப்புத் துவாரத்தைத்தான் முதல்ல பிடிக்கும். துவாரத்தைக் கீழ பாக்க வச்சுப் பூட்டுங்கோ, மழைத்தண்ணி தேங்காது. இறுகுதெண்டு வீட்டில இருக்கிற தேங்காயெண்ணெய்ய மட்டும் விட்டிடாதீங்கோ, தூசு பிடிச்சுக் களியாப் போகும், தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு காணும். பூட்டோட திறப்பு நம்பர் போட்ட ஒரு கோட் கார்ட் வரும், திறப்பு துலைஞ்சா அந்த நம்பரைக் குடுத்துத்தான் புதுசு எடுக்கோணும், ரோட்டோரம் திறப்பு வெட்டுற ஆக்களிட்ட இதுக்குச் சாமான் இல்லை, அதால கார்டை வீட்டிலயும் ஸ்பெயார் திறப்பை ஒபிஸ் லாச்சியிலயும் வச்சிருங்கோ.