பக்கத்து அரங்கில் என்ன நடக்கிறது?

முதன்முறையாக ஒரு மென்பொருள் மாநாட்டுக்குச் செல்லவிருக்கும் நண்பர், உரைகள் நடக்கும்போது சமூக ஊடகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் அப்படித்தான் அரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நினைவகக் கசிவு, அதாவது நிரல் தனக்குத் தேவையில்லாத நினைவகத்தை விடுவிக்காமல் பிடித்துவைத்திருக்கும் பிழை, பற்றிய உரை ஒன்றின் நடுவே எழுந்த ஐயத்தை மாநாட்டின் ஹேஷ்டேக்குடன் பதிந்தேன். பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போவதற்குள், அந்தப் பிழையைத் திருத்தியவரே தம் திருத்தத்துக்கான இணைப்பை அனுப்பிவிட்டார். கூடவே, 'நானும் இங்கேதான், முன்வரிசை, நீலச் சட்டை' என்று ஒரு வரி. தேநீர் இடைவேளையில் யாரிடம் போய் நிற்பது என்று தயங்கும் என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கூச்சமில்லாதவர்கள் உணர மாட்டார்கள். 2007 ஆகஸ்டில் மென்பொருள் வடிவமைப்பாளர் கிறிஸ் மெசினா ட்விட்டரில் ஹேஷ்டேக்கை முன்மொழிந்தபோது காட்டிய எடுத்துக்காட்டே பார்கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூடல்தான்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அது ஒருமுறைகூட என்னை விட்டதில்லை. ஒரே நேரத்தில் நான்கு அரங்குகளில் உரைகள் நடக்கும்போது, சிறந்த உரை பக்கத்து அரங்கில்தான் நடக்கிறது என்று கைப்பேசி சொல்லிக்கொண்டே இருக்கும். சென்ற மாநாட்டில், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமல் தடுக்கும் தரவுத்தளப் பூட்டுகள் பற்றிய உரை சற்றே மந்தமாகத் தொடங்கியதால், 'இதைத் தவறவிடாதீர்கள்' என்று வந்த பதிவை நம்பி எழுந்து போனேன். அங்கே வாசல்வரை கூட்டம். முன்னால் நின்றவரின் முதுகுப்பையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் என் இருக்கையில் வேறொருவர். தரவுத்தளத்தில் ஓடும் இரண்டு பரிமாற்றங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பதைப் பேச்சாளர் நேரடியாக இயக்கிக் காட்டி முடித்திருந்தார். அந்த டெமோவைப் புகழ்ந்து நிறைய பதிவுகள் வந்திருந்ததை அன்றிரவுதான் பார்த்தேன்.

நான் எழுந்ததைப் பேச்சாளரும் பார்த்திருப்பார். 2009இல் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ என்ற இணைய மாநாட்டில் சமூக ஊடக ஆய்வாளர் டானா பாய்ட் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் பார்வையாளர்களின் ட்வீட்டுகள் ஓடின. அரங்கம் ஏன் சிரிக்கிறது என்பது மேடையில் நின்ற அவருக்கு விளங்கவில்லை. இப்போது அப்படித் திரை வைப்பது குறைந்திருக்கலாம். ஆனால் ஒரு பதிவைப் பார்த்துப் பத்துப் பேர் ஒன்றாக எழுந்து போனால், திரையே இல்லாமல் பேச்சாளரைக் குலைக்கும் அதே வேலை நடந்துவிடுகிறது.

2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறிய பிறகு நிரலர்கள் பலர் மாஸ்டடான், புளூஸ்கை என்ற வேறு சமூக ஊடகங்களுக்குப் பிரிந்துபோனதால், நீலச் சட்டைக்காரரைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்து அரங்கின் அழைப்பு மட்டும் மூன்று இடங்களிலிருந்தும் தவறாமல் வந்துவிடுகிறது.

உரை நடக்கும்போது அணைத்தே வையுங்கள் என்றுதான் நண்பருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நீலச் சட்டைக்காரருடன் இன்றும் கடிதத் தொடர்பில் இருக்கும் நான் இப்படிச் சொல்வது நியாயமா என்று அவர் கேட்கக்கூடும். இருக்கையைப் பறிகொடுத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.