பயிற்சிப் பேஸ்பால்: மண்டபம் கடற்கரையில் பயன்படுத்திய அனுபவம்

வெனிசுலாவின் பேஸ்பால் பந்து எறிவாளர் யோஹான் சான்டானா எறிந்த 'சேஞ்சப்' பந்தைப் பழகுவதற்காகவே, இராமநாதபுரத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் இந்தப் பயிற்சிப் பந்தை வாங்கினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வளையமாக நிற்க, மற்ற மூன்று விரல்கள் மேலே படிய, வேகப்பந்துக்குரிய அதே கைவீச்சில் எறிந்தால், பந்து மட்டையாளர் எதிர்பார்ப்பதைவிட மெதுவாகப் போய்ச் சேரும். மினசோட்டா ட்வின்ஸ் அணிக்காக 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் சிறந்த பந்து எறிவாளருக்கான சை யங் விருதை ஒருமனதாக சான்டானாவுக்குப் பெற்றுத் தந்ததில் இந்த 'சேஞ்சப்' எறிதலுக்குப் பெரும் பங்கு உண்டு.

பந்தின் எடை கைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் 108 இரட்டைத் தையல்கள் கொண்ட முறையான பந்தில் விரலுக்குத் தட்டுப்படும் தையல் மேடு இதில் மழுங்கியிருக்கிறது. செயற்கைத் தோல் உப்புக்காற்றில் பிசுபிசுத்து, ஈர மணலைப் பற்றிக்கொள்கிறது. காய்ந்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

வாங்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோள் அறுவை சிகிச்சையால் 2011 பருவம் முழுவதையும் இழந்து திரும்பிய சான்டானா, 2012 ஜூன் 1 அன்று 134 பந்துகள் எறிந்து, நியூயார்க் மெட்ஸ் அணி வரலாற்றின் முதல் 'நோ-ஹிட்டர்' (எதிரணிக்கு ஒரு வெற்றிகரமான அடிகூடக் கிடைக்காத) ஆட்டத்தை நிகழ்த்தினார். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பின் அவர் அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடவேயில்லை. தோள் வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிடியைப் பழக இந்தப் பந்து போதும். போட்டிக்கு அசல் தோல் பந்தையே வாங்குங்கள்.